மேற்பரப்பைத் தடவிப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள்: கனரக டயர் க்யூரிங் தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தொழில்திறன் மதிப்பீட்டு வாரியங்களுக்கும், தேர்வுத் தாள் தயாரிப்போருக்கும், பட்டறைக்கு வந்து மதிப்பிடும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம்.

சுரங்க டம்பர், வீல் லோடர், கிரேடர் போன்ற வண்டிகளின் டயர்களில் விழும் வெட்டுகளை ரப்பர் நிரப்பி வேகவைத்து (இதுதான் க்யூரிங்) சரிசெய்யும் வேலைக்கு நீங்கள் நடத்தும் திறன் தேர்வைப் பற்றி எழுதுகிறோம். இந்த வேலையைச் செய்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தேர்வில் வெந்த ரப்பரை வெட்டிப் பாருங்கள்.

இப்போது புழக்கத்தில் இருக்கும் தேர்வுப் படிவங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். ஹீட்டிங் பேடைச் சரியாக வைத்தாரா, வெப்பநிலையை அமைத்தாரா, நேரத்தைக் குறித்தாரா, கையுறை போட்டாரா என்று வரிசையாக டிக் போடுகிறார்கள். கடைசியில் மேற்பரப்பைக் கையால் தடவி, ஓரிடத்தில் டூரோமீட்டரை (ரப்பரின் கடினத்தை அளக்கும் கருவி) அழுத்தி, தகுதி பெற்றவர் என்று எழுதிவிடுகிறார்கள். மேற்பரப்பு எப்படியும் வெந்துதான் இருக்கும், ஹீட்டர் உட்கார்ந்திருப்பதே அங்கேதான். வேகாமல் நின்றுபோவது உள்ளே, புது ரப்பரும் பழைய டயரும் சேரும் அடி விளிம்பில். அங்கே அரைவேக்காடாக இருக்கும் ரிப்பேர், டயர் வண்டியில் ஏறிப் பாரம் சுமந்து சூடாகும்போதுதான் பிரியத் தொடங்கும். அதற்குள் சான்றிதழ் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும்.

கார் டயருக்கு எழுதிய தேர்வை அளவு மட்டும் மாற்றிக் கனரக டயருக்கும் வைப்பதுதான் அடிப்படைச் சிக்கல். 63 அங்குல ரிம்மில் ஏறும் பெரிய டம்பர் டயரில் ட்ரெட் (தரையில் படும் பகுதி) ஆழம் மட்டுமே 90 மி.மீ.-ஐத் தாண்டும். அதற்குக் கீழே பெல்ட் கம்பிகளும் கேசிங்கும் (டயரின் உடல்) இன்னர் லைனரும் (காற்றைப் பிடிக்கும் உள் படலம்) இருக்கின்றன. ரப்பர் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். வெப்பம் உள்ளே நுழையும் நேரம் தூரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். அதாவது ஹீட்டரிலிருந்து 25 மி.மீ. ஆழத்தில் உள்ள புள்ளி சூடேற ஒரு மணி நேரம் ஆகிறதென்றால், 50 மி.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். பல பட்டறைகளில் சுவரில் ஒட்டியிருக்கும் 'மில்லிமீட்டருக்கு இத்தனை நிமிடம்' அட்டவணை அது சோதிக்கப்பட்ட தடிமன் வரைக்கும் சரி. 50 மி.மீ.-இல் முடியும் அட்டவணையை 100 மி.மீ.-க்கு இரட்டித்து எழுதிக்கொள்பவர் உள்ளே வேகாத பச்சை ரப்பரைத்தான் விட்டுவைக்கிறார். இதைக் கேள்வியாகவே வையுங்கள். அட்டவணை முடியும் தடிமனைத் தாண்டிய ஒரு காயத்தைக் கொடுத்து, நேரத்தை எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள். பெருக்கிக் காட்டுபவர் தேறவில்லை. 'தெர்மோகப்பிள் (வெப்பநிலையை உணரும் கம்பி) வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்' என்பவரிடம் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அந்த அடுத்த கேள்வி கணக்கு. ரப்பர் வேகும் வேகம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய இரட்டிக்கும், குறைந்தால் பாதியாகும். துல்லியமான எண் ஒவ்வொரு கலவைக்கும் கொஞ்சம் மாறும், ஆனால் பட்டறைக் கணக்குக்கு இது போதும். ஒரு நிரப்பு ரப்பருக்கு 140 டிகிரியில் 60 நிமிடம் தேவை என்று வைத்துக்கொள்வோம். மிகக் குளிர்ந்த புள்ளியில் வைத்த தெர்மோகப்பிள் 120 டிகிரியில் 30 நிமிடம், 130-இல் 30 நிமிடம், 140-இல் 40 நிமிடம் காட்டியிருக்கிறது. 120-இல் கிடைத்த 30 நிமிடம் நான்கில் ஒரு பங்காகி 7.5 நிமிடம். 130-இல் கிடைத்தது பாதியாகி 15. அதனுடன் 40. மொத்தம் 62.5. மயிரிழையில் தேறிவிட்டது. இந்தக் கணக்கைப் பேப்பரில் எழுதித்தான் காட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தடுமாறும் நல்ல கைகள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. வாயால் சொல்லட்டும், விரல்விட்டு எண்ணட்டும். விடை வர வேண்டும், காரணமும் வர வேண்டும்.

இதே கணக்கை மறுபக்கம் திருப்பியும் கேளுங்கள். அவசரத்துக்கு ஹீட்டரை 150-க்கு ஏற்றி மூன்று மணி நேரம் விட்டால் மேற்பரப்புக்கு என்ன ஆகும்? 140 டிகிரிக் கணக்கில் அது ஆறு மணி நேரம். ஒரு மணி நேரம் போதுமான ரப்பர் ஆறு மடங்கு வெந்திருக்கிறது. இயற்கை ரப்பர் அளவுக்கு மீறி வெந்தால் அதன் கந்தகப் பிணைப்புகள் அறுந்து, கெட்டியாவதற்குப் பதிலாகத் தொய்ந்து பிசுபிசுக்கத் தொடங்கும், வலு குறையும். நைலான் கார்டு (உள்ளே ஓடும் வலுவூட்டும் இழை) சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பயஸ் டயராக இருந்தால் கார்டு சுருங்கும். வெளியே கருகாமலும் உள்ளே பச்சையாக விடாமலும் வேகவைப்பதற்கு இரண்டு பக்கமும் ஹீட்டர் வைப்பது, வெப்பநிலையைத் தாழ்த்தி நேரத்தைக் கூட்டுவது, கம்பளி போட்டு மூடுவது என்று வழிகள் உண்டு. எந்தக் காயத்துக்கு எதை எடுக்கிறார் என்பதில்தான் அனுபவம் தெரியும்.

தெர்மோகப்பிளைப் பற்றி இன்னும் கொஞ்சம். கன்ட்ரோலர் பெட்டியின் திரையில் தெரியும் எண் பேடின் வெப்பநிலை, ரப்பருடையது அன்று. நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டியது பேட் 140-ஐத் தொட்டதும் அல்ல, குளிர்ந்த புள்ளியில் ரப்பர் வேகும் அளவுக்குச் சூடேறிய பிறகுதான். தேர்வுக்கென்று ஒதுக்கிய கழிவு டயரில் மூன்று தெர்மோகப்பிள் கம்பிகளைப் புதைக்கச் சொல்லுங்கள்: ஒன்று நிரப்பின் ஆழமான அடி விளிம்பில், ஒன்று நடுத் தடிமனில், ஒன்று பேடின் ஓரத்துக்குக் கீழே. ஓரக் கம்பியைப் பலர் மறப்பார்கள். பேடின் விளிம்பில் வெப்பம் பக்கவாட்டில் ஓடிவிடும். ஸ்டீல் பெல்ட் உள்ள ரேடியல் டயரில் பெல்ட் கம்பிகளே வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பேட் காயத்தைவிட எல்லாப் பக்கமும் அகலமாக இருக்க வேண்டும். கன்ட்ரோலருக்குச் சேதி சொல்லும் சென்சார் பேடிலிருந்து நழுவிக் காற்றில் தொங்கினால், சூடு போதவில்லை என்று நினைத்து அது மின்சாரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும். ரப்பர் கருகிப் புகையும், தீயும் பிடிக்கலாம். தேர்வு கொடுப்பவர் பார்க்காதபோது அந்த சென்சாரைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சுவிட்சைப் போடுவதற்கு முன் ஆள் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்தால் போதும், பத்து பல்விடைக் கேள்விகளை நீக்கிவிடலாம்.

அழுத்தத்துக்கு வருவோம். தேர்வுப் படிவங்களில் இது ஒரே வரியில் முடிகிறது, 'போதுமான அழுத்தம் கொடுத்தார்' என்று. எதற்குப் போதும்? நிரப்பில் கொஞ்சம் ஈரமோ, காயாத சிமென்ட் (ரப்பர் ஒட்டும் பசை) கரைப்பானோ இருந்தால் சூட்டில் அது ஆவியாகும். 145 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வெளிக் காற்றைவிட 3 பாருக்குச் சற்று அதிகம். பேடை அழுத்திப் பிடிக்கும் ஏர் பேக் (காற்றுப் பை) 2 பாரில் நின்றால் ஆவி ஜெயிக்கும், ரப்பருக்குள் நுரை போலத் துளைகள் விழும், பேட்ச் தூக்கிக்கொள்ளும். மழையில் கிடந்த டயரில் வெட்டின் வழியாக நீர் புகுந்து ஸ்டீல் கார்டு வழியே தூரம் வரை ஊறிப்போயிருக்கும். மேலே துடைத்தால் போகாது. அதே சமயம் அழுத்தம் அளவுக்கு மீறினால் இளகிய ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கி ஓடும், நிரப்பு மெலியும், கார்டு இடம் மாறும். ட்ரெட் பள்ளங்களை மணல் பையாலோ உலோகக் குண்டுப் பையாலோ நிரப்பாமல் மேடுகளின் மேல் மட்டும் பேடை அழுத்தினால், பள்ளத்தில் உள்ள ரப்பருக்கு அழுத்தமே கிடைக்காது. ரப்பர் சூடேறி இளகும்போது கிளாம்ப் தளரும். முதல் அரை மணி நேரத்தில் போய் மீண்டும் இறுக்குகிறாரா என்பது கவனிக்க வேண்டிய ஒன்று. வெந்து முடிந்ததும் சூடாக இருக்கும்போதே அழுத்தத்தை விடுபவர் அத்தனை மணி நேர வேலையையும் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடுவார். உள்ளே 100 டிகிரிக்குக் கீழே நன்றாக இறங்கும் வரை அழுத்தம் நிற்க வேண்டும்.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. 400-க்கு 500 மி.மீ. அளவுள்ள ஏர் பேக்கில் 4 பார் ஏற்றினால் அது தள்ளும் விசை சுமார் 8 டன். அந்த விசையைத் தாங்குவது கிளாம்பும் சங்கிலியும் மட்டுமே. 'உங்கள் கிளாம்ப் இப்போது எத்தனை டன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?' என்று தேர்வில் கேளுங்கள். சரியான எண் வராவிட்டாலும் பரவாயில்லை. 'டன் கணக்கிலா?' என்று திகைப்பவரை அந்தக் கருவிக்கு அருகில் தனியாக விடக் கூடாது. கிளாம்ப் பிடிக்கும் திசைக்கு நேராக நிற்பது, காற்றை முழுதாக இறக்காமல் கிளாம்பைக் கழற்றுவது, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுப்பது, ஹீட்டர் பக்கத்தில் சிமென்ட் டின்னைத் திறந்து வைப்பது, ரிம்மில் ஏற்றிக் காற்றடைத்த டயரைச் சூடாக்குவது ஆகிய ஐந்தில் ஒன்றைச் செய்தாலும் தேர்வு அங்கேயே முடிந்தது என்று விதி எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது வெடிக்கும். அதற்குப் பாதி மதிப்பெண் என்று ஒன்று கிடையாது.

நீங்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேர்வு வைக்கிறீர்கள்: வெட்டிச் சீவுவது ஒரு அலகு, நிரப்புவது இன்னொன்று, வேகவைப்பது மூன்றாவது. நிர்வாகத்துக்கு இது வசதி. ஆனால் வேகவைப்பவர் கைக்கு வந்து சேரும் டயரில் முந்தைய இரண்டு பேரின் தவறும் சேர்ந்தே வருகிறது. அதைப் பார்த்து 'இதை வேகவைக்க மாட்டேன்' என்று திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும். எனவே தேர்வில் ஆறு டயர் அல்லது டயர் துண்டு வைத்தால் அவற்றில் குறைந்தது இரண்டு, கீழே சொல்லும் குறைகளில் ஏதாவது உள்ளதாக, திருப்பி அனுப்ப வேண்டியவையாக இருக்கட்டும். ஒன்றில் சிமென்ட் இன்னும் காயாமல் கரைப்பான் மணம் அடிக்கட்டும். ஒன்றில் கார்டு முனைகளில் துரு. ஒன்றில் தேதி கடந்த நிரப்பு ரப்பர், மேலே கந்தகம் வெளுத்துப் பூத்திருக்கும். பீடுக்கு (ரிம்மைப் பற்றும் டயர் விளிம்பு) அருகே, டயர் தயாரிப்பாளர் ரிப்பேருக்கு அனுமதிக்காத பகுதியில் விழுந்த வெட்டு ஒன்று. பஃபிங் (பரப்பை உராய்த்துச் சொரசொரப்பாக்குவது) செய்தபோது கருகிப் பளபளத்த பரப்பு ஒன்று. எல்லாவற்றையும் எடுத்து வேகவைத்து எல்லாமே பளபளவென்று வந்தது என்று நிற்பவர் மெஷின் ஓட்டத் தெரிந்தவர், அவ்வளவே.

ஒட்டும் முறைகளைக் குழப்புவதும் இங்கேதான் பிடிபடும். நிரப்பை வெப்பத்தில் வேகவைத்து, ஆறவிட்டு, பிறகு உள்பக்கம் குளிர் முறை பேட்சை ஒட்டுவது ஒரு முறை. பச்சை பேட்சையும் நிரப்பையும் சேர்த்தே ஒரே சூட்டில் வேகவைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சிமென்ட் வேறு. இரண்டு கம்பெனியின் பொருளைக் கலந்து ஒட்டினால் பிடிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மேசையில் நான்கு டின்களை வைத்து, லேபிளைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இப்போது வெட்டுவது பற்றி. தேர்வு டயர் ஆறிய பிறகு, முடிந்தால் ஒரு நாள் கழித்து, ரிப்பேரின் நடுவே குறுக்காக அறுத்துத் திறவுங்கள். முதலில் கண். பூதக்கண்ணாடியில் துளை தெரிகிறதா? அடி விளிம்பில் கோடு போலப் பிரிந்து நிற்கிறதா? பிறகு மழுங்கிய ஊசி. அழுத்தி எடுத்தால் பள்ளம் நிமிர்ந்து எழுந்தால் வெந்திருக்கிறது, பள்ளம் அப்படியே நின்றால் வேகவில்லை. பிறகு டூரோமீட்டர். அறுத்த முகத்தில் மேலிருந்து கீழே 10 மி.மீ.-க்கு ஓரிடமாக ஷோர் ஏ கடினத்தை எடுங்கள், ஓரத்திலிருந்து 12 மி.மீ. தள்ளியும், அடியில் குறைந்தது 6 மி.மீ. ரப்பர் இருக்கும்படியும். டயர் சூடாக இருக்கும்போது எடுத்த எண் எதற்கும் உதவாது. கலவை தயாரிப்பாளர் தாளில் தந்த எண்ணோடு ஒப்பிடுவதைவிட, மேலுக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஐந்து புள்ளிக்கு மேல் போனால் எங்கோ தவறு, நடு தாழ்ந்திருந்தால் வேகவில்லை, மேல் தாழ்ந்து பிசுபிசுத்தால் அதிகமாக வெந்துவிட்டது. கடைசியாக, சேரும் விளிம்பின் வழியே 25 மி.மீ. அகலத் துண்டை வெட்டி இடுக்கியால் இழுங்கள். ரப்பர் கந்தலாகக் கிழிந்தால் நல்ல ஒட்டு. இரு பரப்பும் வழுவழுப்பாகப் பிரிந்து வந்தால், சூடு எவ்வளவு சரியாக இருந்தாலும், பஃபிங்கிலோ சிமென்டிலோ ஈரத்திலோ கோளாறு.

டயரை அழிப்பது செலவு என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. ஓட்டத்துக்கு உதவாமல் ஒதுக்கிய கனரக டயர்கள் எந்தச் சுரங்கத்திலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் தோளையும் பக்கச் சுவரையும் துண்டுகளாக வெட்டித் தேர்வுக்கு வைத்தால் போதும். துண்டில் மட்டும் சோதித்துவிட்டு முழு டயருக்குச் சான்று தரலாமா என்றால், கூடாது. வளைவில் பேட் உட்காரும் விதமும் ஏர் பேக் தாங்கும் விதமும் முழு டயரில்தான் தெரியும். துண்டில் இரண்டு, முழு டயரில் ஒன்று என்று வையுங்கள். ட்ரெட், தோள், பக்கச் சுவர் மூன்றும் வரட்டும். ஸ்டீல் ரேடியல் ஒன்று, நைலான் பயஸ் ஒன்று.

பெரிய வேக்காடு எட்டு மணி நேரம்கூட ஓடும், தேர்வாளர் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். நடுவில் ஷிப்ட் மாறும். அதனால் பதிவேடு தேர்வின் பாதி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று கம்பிகளின் வெப்பநிலையும் அழுத்தமும் எழுதப்பட்டிருக்க வேண்டும், அடுத்த ஷிப்ட் ஆள் அதைப் படித்து எங்கே நிற்கிறோம் என்று சொல்ல முடிய வேண்டும். எல்லா வரியிலும் 145, 145, 145 என்று ஒரே கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள், நிஜமான பதிவு ஏறும், இறங்கும். ஒன்றரை மணி நேரம் ஆனபோது மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். அழுத்தத்தைக் காத்து, எதையும் திறக்காமல், குளிர்வதைக் குறித்துக்கொண்டு, மின்சாரம் திரும்பியதும் மேலே சொன்ன கணக்கைத் தொடர்பவர் வேலை தெரிந்தவர். மின்சாரத்தோடு அழுத்தமும் போய்விட்டால்? அரைகுறையாக வெந்த நிலையில் துளை விழுந்த ரப்பர் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் மூடாது. வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதை மேலாளரிடம் சொல்லும் துணிச்சலும் திறனில் சேர்த்திதான்.

நீராவி அறையில் வேகவைப்பதற்குத் தனித் தேர்வு வையுங்கள். அங்கே பிழை வேறு மாதிரி. அறைக்குள் இருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றாமல் நீராவியை விட்டால் அழுத்தமானி சரியாகக் காட்டும், வெப்பநிலை மட்டும் குறைவாக இருக்கும். சுத்தமான நீராவி 150 டிகிரியில் இருந்தால் மானி சுமார் 3.75 பார் காட்ட வேண்டும். மானி அதைக் காட்டும்போது தெர்மாமீட்டர் 140 சொன்னால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது அல்லது ஏதோ ஒரு கருவி பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்க வைப்பதே அந்தத் தேர்வின் மையமாக இருக்கட்டும். ஸ்டீம் ட்ராப் (நீராவி குளிர்ந்து சேரும் நீரை வெளியேற்றும் கருவி), சேஃப்டி வால்வு, கதவுப் பூட்டு ஆகியவற்றைச் சொல்லாமலேயே சோதிக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

முடிவை 'தேர்ச்சி', 'தேர்ச்சியில்லை' என்ற இரண்டு சொல்லில் அடைக்காதீர்கள். அட்டையில் எல்லை எழுதுங்கள்: எலெக்ட்ரிக் பேட் மட்டும், 80 மி.மீ. தடிமன் வரை, பக்கச் சுவரும் தோளும் என்பது போல. பட்டறைக்கும் அதுதான் உதவும். நிரப்பு ரப்பரின் கலவை மாறினாலோ, புது வகை ஹீட்டர் வந்தாலோ, ஆள் ஆறு மாதம் இந்த வேலையைத் தொடாமல் இருந்தாலோ ஒரு வெட்டுச் சோதனை மறுபடி நடக்கட்டும். ரப்பர் விற்கும் கம்பெனியின் ஆளோ, அதே பட்டறையில் சொல்லிக்கொடுத்தவரோ தேர்வாளராக உட்காரக் கூடாது. தேர்வாளரும் வருடத்துக்கு ஒருமுறையாவது தன் கையால் ஒரு ரிப்பேரை வேகவைத்து, அதை இன்னொருவர் வெட்டிப் பார்க்கட்டும்.

வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் எழுதி, மூன்று கம்பிகளின் வெப்பநிலைப் பதிவோடு சேர்த்துக் கட்டி, வெயில் படாத இடத்தில் அடுத்த மறுமதிப்பீடு வரை வைத்திருங்கள். தேர்ச்சியில்லை என்று சொல்லப்பட்டவர் முறையீடு செய்தால், இரண்டாவது தேர்வாளரிடம் டிக் போட்ட படிவத்தோடு அந்தத் துண்டையும் பதிவையும் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கனரக டயர் பழுதுபார்ப்போரும் பயிற்றுவிப்போரும்